கறுப்புக் காருக்கு வெள்ளைப் பூ

காளியண்ணனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சேலத்தில் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் அவர். விற்கக் கொண்டுவந்த கார் வழியில் நின்றுவிட, கடைசி ஒரு மைல் தள்ளிக்கொண்டு வந்தார். சுமைக்காரர்கள் இரண்டு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தானும் தோள் கொடுத்தார்.

மலை ஊரான மாரமங்கலத்தில் மாரியம்மன் கோயிலுக்கு மேலே நல்ல சரிவு. காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். கல்லை எடுத்தால் உருளும், உருண்டால் கிளம்பும். சாவியைத் திருகினால் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய செல்ஃப் செத்து வெகுநாளாகிறது என்பது, வாங்குகிறவனுக்கு மறுநாள் காலையில் தெரிந்தால் போதும்.

மற்ற நோய்களுக்கும் வைத்தியம் ஆகியிருந்தது. உறுமுகிற கியர் பெட்டிக்குள் மலைவாழைப்பழம். புகை கக்குகிற எஞ்சினுக்குக் கஞ்சி மாதிரி கெட்டி ஆயில். கதவுத் துருவுக்கு சிமென்ட், அதன் மேல் கறுப்பு பெயின்ட். பின் சீட்டுக்குக் கீழே ரோடு தெரிகிற ஓட்டைக்கு ஒரு நார்க் கால்மிதி. ஓடிய மைலைக் காட்டும் மீட்டரின் வயதை ஸ்க்ரூ டிரைவரால் குறைத்திருந்தார்.

வாங்க வந்த அங்கப்பன் அந்த ஊர்க்காரர். காப்பியும் மிளகும் பயிரிடுகிறவர். மூங்கில் ஏணி ஏறி இறங்கிச் சேர்த்த மூன்று வருஷத்து மிளகுப் பணம் மொத்தமும் அவர் மனைவி ராசாத்தியின் மடியில் இருந்தது. அது போனால் மறுபடி ஏணிதான்.

காரைப் பார்த்ததும் அங்கப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டே நடை வருகிற பஸ்ஸுக்கு மழையில் நின்று நின்று நொந்த மனுஷன்.

"ஏறுங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்றார் காளியண்ணன். அங்கப்பன், ராசாத்தி, பிள்ளைகள் மூன்று பேர், கொழுந்தியாள் இரண்டு பேர், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் ஒரு வெள்ளாட்டுக்குட்டி, எல்லாரும் ஏறினார்கள்.

கல்லை எடுத்ததும் கார் உருண்டு, இருமி, கிளம்பியது. முதல் பள்ளத்தில் ஹாரன் தானாக அலறியது.

"ஏனுங்ணா, யாரும் அமுக்காமயே அடிக்குதுங்களே?"

"வளைவு வந்தா அதுவே அடிச்சுக்கும் தம்பி. மலைக்குப் பழக்குன வண்டி."

அடுத்த வளைவில் ராசாத்தி பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள்.

"கதவு நாம சொல்லாமயே தொறக்குதுங்களே?"

"எறங்கற எடம் அதுக்குத் தெரியும் அம்மணி."

"ஓடறப்பவே எறக்கிவிடுமுங்களா?"

கொழுந்தியாள்கள் சிரித்த சிரிப்பில் கார் இன்னும் ஆடியது. ராசாத்தி மட்டும் மூக்கைச் சுளித்தாள். "பழுத்த பழம் வேகற வாசம் வருதுங்க."

"கோயில் கோயிலாப் போன வண்டி அம்மணி. அந்த வாசம் எங்க போகும்?"

திரும்பி வந்து, பழைய சரிவிலேயே நிறுத்தினார். அங்கப்பன் காரின் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"எனக்குப் புடிச்சுப்போச்சுங்ணா. ஆனா ஆத்தாகிட்டப் பூக் கேக்காம எங்க ஊட்ல ஒரு கோழிகூட வாங்கறதில்லீங்க."

"கேளு தம்பி. சாமிய மிஞ்சி என்ன இருக்குது?" என்றார் காளியண்ணன்.

இந்தப் பழக்கம் அவருக்குத் தெரியும். முந்தின நாளே பஸ் ஏறி வந்து, பூசாரி ஐயாக்கண்ணுவிடம் பேசி முடித்து, பாதிப் பணமும் கொடுத்திருந்தார். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைப்பது வழக்கம். கேட்கிறவர் மனசுக்குள் கேட்பார். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். இன்றைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை.

பூசாரி கற்பூரம் காட்டினார். அங்கப்பன் கண்ணை மூடி, கைகூப்பி, உதடு அசையாமல் வெகுநேரம் நின்றார். ராசாத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

காளியண்ணனுக்கு இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கார்ச் சாவியை அங்கப்பன் கையில் திணித்தார்.

ராசாத்தி மற்ற பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினாள். "இதையும் பிரிச்சுப் பாத்தரலாமுங்க."

"ஆத்தா சொன்னதுக்கப்புறம் சோதிச்சுப் பாக்கறதா? கண்ணு அவிஞ்சு போயிரும் தாயி" என்று பூசாரி அதைப் பறித்துப் பள்ளத்தில் வீசினார்.

"சாமியே சொல்லியாச்சு. இனி மனுசன் பேச என்ன இருக்குது?" காளியண்ணன் தோல்பையை விரித்துப் பிடித்தார்.

பைக்குள் கார்ச் சாவி விழுந்தது.

"மன்னிச்சுக்குங்ணா" என்ற அங்கப்பனின் கண் கலங்கியிருந்தது. "வண்டி மேல எனக்கு நொம்ப ஆசைங்க. 'வாங்கட்டுமா'ன்னு கேட்டா, ஆத்தா என் ஆசைக்கு எரங்கிருவாளோன்னு பயந்து, 'இதைய வாங்காம விட்டுரட்டுமா'ன்னு கேட்டனுங்க. சரின்னுட்டா."

அவர்கள் ஆட்டுக்குட்டியோடு வீட்டுக்கு நடந்தார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காளியண்ணன் முன்னால் வெறும் கையை நீட்டினார்: வெள்ளைப் பூ வந்ததற்கு மீதி நூறு ரூபாய் பாக்கி.