கம்பி போட்ட காலுக்குக் காவல்

"உள்ள வர்றதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க அண்ணி."

தம்பி மனைவி இப்படி வரவேற்றதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கிறாள். "வாங்க" என்று ஒரு வார்த்தை கிடையாது, குழாயைக் காட்டுகிறாள் மகராசி!

தம்பி பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். காலுக்கு வெளியே ஒரு இரும்புச் சட்டம். அதிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போயிருந்தன.

அக்கா பதறிப்போய்க் கட்டிலருகே போனாள். கை தானாக நீண்டது.

"தொடாதீங்க அண்ணி! கட்டில்லயும் உட்கார வேண்டாம். நாற்காலி போட்டிருக்கேன்."

"என் தம்பியைத் தொட நான் யாரைக் கேட்கணும்?"

"கம்பி போற ஓட்டை வழியா கிருமி உள்ள போய் எலும்புல சீழ் வெச்சா, காலையே எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க." அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "பச்சிலை எண்ணெய். நானே காய்ச்சினது. கம்பி ஓரமா ரெண்டு சொட்டு விட்டா எலும்பு சட்டுனு கூடிடும்."

மறுநொடி பாட்டில் தம்பி மனைவி கைக்கு மாறி, அலமாரி உச்சிக்கு ஏறிவிட்டது.

அவள் டீ போடப் போனதுதான் தாமதம், அக்கா பொரிந்து தள்ளினாள். "ராட்சசிடா இவ! எப்படிடா இவளோட காலம் தள்றே?"

தம்பி பெருமூச்சு விட்டான். "என்னக்கா பண்றது, அவ சுபாவம் அப்படி. நீ ஆசை ஆசையா கொண்டு வந்த எண்ணெய்... என் கையில கிடைச்சிருந்தா இந்நேரம் பூசியிருப்பேன்."

அக்காவுக்குக் கண் கலங்கியது. வாயில்லாப் பூச்சி, இவனுக்குப் போய் இப்படி ஒரு பெண்டாட்டியா? டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். இனி இந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

வெளியே வந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியே தம்பியின் குரல் கேட்டது.

"முதல்ல அந்த எண்ணெயைக் குப்பையில கொட்டு! அக்கா கை கம்பில பட்டுடுமோன்னு எனக்கு உயிரே இல்ல. நீ இன்னும் கொஞ்சம் கறாரா பேசியிருக்கலாம்."

"போதுங்க. நீங்க சொல்லச் சொன்னதையெல்லாம் நான் சொல்லி, வர்றவங்க எல்லார்கிட்டயும் ராட்சசின்னு பேர் வாங்கியாச்சு. மனசு விட்டுப்போச்சு. நாளைக்கு உங்க ஃபிரெண்ட்ஸ் வர்றாங்க. அவங்ககிட்டயாவது நீங்களே சொல்லுங்களேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி மனைவியை ராட்சசி என்று திட்டியதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது.

உள்ளே தம்பி பதறினான்.

"நானா? என்னம்மா நீ! யார் மனசும் நோகக் கூடாதுன்னு நினைக்கிறவன் நான். என்னைப் போய் இதையெல்லாம் சொல்லச் சொல்றியே!"