துருத்தி

வழக்கமாகக் குழந்தைகளை எடை போடும் லண்டன் தாய்சேய் நல நிலையத்தில், 1939 கோடையில் அன்று, அவர்களுக்கு நச்சுப்புகைக் கவசம் மாட்டத் தாய்மார்களைப் பழக்கினார்கள். மேபல் தன் கைக்குழந்தை ஐவியை, முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்த ரப்பர் பைக் கவசத்துக்குள் இறக்கி, வாரைக் கட்டி, பக்கத்திலிருந்த துருத்தியை அமுக்கத் தொடங்கினாள். அமுக்கினால்தான் உள்ளே காற்று போகும்.

"போர் வருமா, சிஸ்டர்?" என்று அருகில் வந்த நர்ஸிடம் கேட்டாள்.

"வராதென்றுதான் சொல்கிறார்கள். ஒத்திகை முடிந்தது, கழற்றம்மா. இப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போகப் போகிறாயா?"

வாரை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும்; துருத்தியை விட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஐவி அழவில்லை. மேபல் வேகமாக அமுக்கினால் சின்ன மார்பு வேகமாக ஏறி இறங்கியது. மெதுவாக அமுக்கினால் மெதுவாக.

"நீங்களே அவிழ்த்துவிடுங்களேன்" என்றாள்.

சிஸ்டர் கூடத்தைப் பார்த்தாள். எல்லாத் துருத்திகளும் ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. ஒரு தாயும் கையை எடுத்திருக்கவில்லை.