அக்கா பார்த்த கிரகணம்

கிரகணம் என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கிற அக்காவை, இரண்டு நாள் ரயிலில், முழுக் கிரகணம் தெரிகிற ஊருக்கு அழைத்துப்போனது நான்தான். விடுதி மொட்டைமாடியில் கேமராவைப் பொருத்திவிட்டு, கிரகணக் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினேன். சூரியன் முழுசாக மறைந்திருக்கிற இரண்டு நிமிஷம் மட்டும் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுடா. நீ கழட்டுன்னா கழட்டுறேன், போடுன்னா போட்டுக்கிறேன்."

ஊரே இருண்டது. "கழட்டுக்கா!" என்று கத்தினேன். "ஆத்தாடி" என்று அவள் சொன்னது கேட்டது. அப்புறம் எனக்குக் கேமரா மட்டும்தான். சூரியன் திரும்ப எட்டிப்பார்த்து நிலவின் விளிம்பில் ஒளி வெடித்ததையும் எடுத்துவிட்டு, கேமரா கெட்டுவிடக் கூடாதே என்று அவசரமாக லென்ஸில் ஃபில்டரை மாட்டினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அக்கா இன்னும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கிரகணப் படத்தை எடுத்துப்போக மனசு வரவில்லை. கிரகணத்தன்று காலை அந்த விடுதி மாடியில் அவள் சிரித்தபோது எடுத்த படத்தை, ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். முகத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்குப் பாத்த மாதிரியே எடுத்திருக்கடா" என்றாள். "நடுவுல வட்டமா, கருகருன்னு."