ஒரே முகத்தில் இருவர்

ஒரே நடிகரின் முகத்தோடு வாசலில் நிற்கும் இருவரில் யார் மகன் என்பது பிலோமினாவுக்குப் பிடிபடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு அவள்தான் காவல். உள்ளே கிடப்பது நடிகரின் அப்பா. மாலையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இதே முகத்தோடு வந்த ஒருவனை நம்பி உள்ளே விட்டாள். அவன் கட்டிலைப் படம்பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான். இன்னொரு தடவை ஏமாந்தால் வேலை போகும். சரியான ஆளைத் தடுத்தாலோ, மகன் அப்பாவைப் பார்க்காமலே போவான். இருவருக்கும் அதே தாடி, அதே கறுப்புக் கண்ணாடி. இருவர் கையிலும் ஆதார் அட்டை.

"உங்க இருபதாவது படம் எப்ப ரிலீஸ் ஆச்சு சார்?" என்று கேட்டாள்.

"தீபாவளிக்கு மேடம். நூத்திப் பத்து நாள் ஓடுச்சு. அதுல இருபத்தேழு சட்டை மாத்தியிருப்பேன்," என்றார் முதலாமவர், மூச்சு விடாமல்.

மற்றவர் நெற்றியைத் தேய்த்தார். "இருபதாவதா? ஞாபகம் இல்லம்மா. அப்பா கண்ணு முழிச்சாரா?"

"பாத்தீங்களா, டூப்பு! சொந்தப் படமே தெரியல," என்று முதலாமவர் சிரித்தார்.

தன் கல்யாணத் தேதியைக் கேட்டால் தானும் விரல்விட்டுத்தான் எண்ணவேண்டியிருக்கும் என்று பிலோமினாவுக்குத் தோன்றியது. யாரும் தன் வாழ்க்கையை மனப்பாடம் செய்வதில்லை. இரண்டாமவருக்குக் கதவைத் திறந்தாள். பிறகு அடுத்த ஷிப்டுக்கு வரும் சகுந்தலாவுக்காக நோட்டில் எழுதினாள்: 'எல்லாக் கேள்விக்கும் சரியாப் பதில் சொல்ற ஆளை உள்ளே விடாதே.'