செம்பருத்திக்கு நிழல்

பனிமூட்டம் விலகாத காலையில், ஆடு செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

செடியில் ஓர் இலைகூட இல்லை.

வேலிக்கு அப்பால் செம்பனை மரங்களும் தண்டவாளமும் பாதி கரைந்து கிடந்தன. மழை பெய்த மறுநாள் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் இப்படித்தான் விடியும். விழித்துக்கொண்டோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும். கனவாக இருக்கட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ஆடு ஏப்பம் விட்டது. கனவில்லை.

தப்பு என்னுடையதுதான். முனியாண்டிக்கு நான் நேர்ந்துவிட்ட ஆடு அது. வேண்டிக்கொண்டது நடந்தால் ஆடி மாதம் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அதை அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, வெள்ளிக்கிழமையில் கட்டிப்போடவும் கூடாது என்று பூசாரி அய்யாவு சொல்லியிருந்தார். நேற்று வெள்ளிக்கிழமை. பக்தி முற்றிப்போய், பொழுது சாய்ந்த பிறகும் நான் கயிற்றை மாட்டவில்லை.

செடி என் மனைவி ஷாமளாவுடையது. எங்களுக்குக் கல்யாணமான வருடம் வேலியோரம் அவள் ஊன்றிய குச்சி. வாரம் ஒருமுறை அதன் இலையைப் பறித்து அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாள். போன தீபாவளிக்குப் பிறகு அவள் பறிக்கவே இல்லை. அதனால் இலை மண்டிப்போய் நின்றது. ஆட்டுக்கு நல்ல விருந்து.

இந்த மொட்டைக் குச்சிகளை அவள் பார்க்கக் கூடாது.

வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவள் எழுவதற்குள் பிடுங்கி எறிந்துவிட்டு, குளுவாங் டவுனுக்குப் போய் வேறொன்று வாங்கி வந்து நட்டுவிடலாம். ஆட்டின் கழுத்தில் கயிற்றை மாட்டி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மண்வெட்டியை எடுத்தேன்.

பின்னால் கதவு திறந்தது.

ஷாமளா நைட்டியோடு, தலையில் கட்டிய நீலப் பாத்தேக் துணியோடு மெல்ல நடந்து வந்தாள்.

“புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம் லா, ஷாமளா. இது போச்சு.”

அவள் செடியருகில் குந்தினாள். குந்துவதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது. நகத்தால் ஒரு தண்டைச் சுரண்டினாள். உள்ளே பச்சை. அடுத்ததைச் சுரண்டினாள். அங்கும் பச்சை.

“வேரு நல்லாதான் இருக்கு. வெயில் மட்டும் படக்கூடாது. நீங்க மண்வெட்டிய வெச்சிட்டு, ஆட்டைப் பிடிச்சிக்கிட்டு சும்மா நில்லுங்க.”

நின்றேன்.

நைந்து தொங்கிய நுனிகளை நகத்தாலேயே கிள்ளினாள். மழை ஈரம் காயாமலிருக்க, வேரைச் சுற்றிச் சருகை அணைத்தாள். உரம் போடவா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். துளிர் வரும்வரை அதைப் படுத்தக் கூடாதாம். மூட்டத்துக்குள் ஒரு ரயிலின் சத்தம் மட்டும் போனது. ரயில் தெரியவில்லை.

செடியைச் சுற்றி நான்கு கம்புகளை ஊன்றினாள்.

அப்போது வெயில் வந்துவிட்டது. வெறும் குச்சிகளின் மேல் சுள்ளென்று விழுந்தது. மேலே கட்டப் பழைய சாக்கு ஏதாவது கிடைக்குமா என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

அதற்குள் அவள் தலைத்துணியை அவிழ்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி மருந்தில் முடி கொட்டியதிலிருந்து, ஏழு மாதமாக என் எதிரில்கூட அவிழ்க்காத துணி. தூங்கும்போதும் இறுக்கிக் கட்டியிருந்த துணி. அதை உதறி, நான்கு கம்புகளிலும் முடிச்சுப் போட்டாள். செடியின் மேல் நீலமாக நிழல் விழுந்தது.

வெயில் இப்போது அவள் தலையில் அடித்தது. அங்கே ஒரு நெல்மணி உயரத்துக்கு, தலை முழுவதும் கறுப்பாக முடி முளைத்திருந்தது.

முனியாண்டியிடம் நான் கேட்டது அவள் உயிரைத்தான். முடியைப் பற்றி நான் பேசவே இல்லை.

எனக்குக் கண் நிறைந்து எல்லாம் மறுபடி மூட்டமானது. ஆடு எழுந்து, கழுத்தை நீட்டி, அவள் உச்சந்தலையை முகர்ந்தது.

நான் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தேன்.