எந்த மதுரை?

நூர்தீன் மதுரைக்காரர் இல்லை என்பது வேலாயுதத்துக்குத் தெரிய அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சொன்னவர் எட்மண்ட். பள்ளிக்கூட வாத்தியார். பீச் ரோட்டில் நூர்தீன் தள்ளுவண்டி போட்டுச் சாத்தே, குச்சியில் கோத்த இறைச்சி, சுட்டு விற்பார். வேலாயுதம் கரியடுப்புக்கு விசிறுவான். எட்மண்ட் வாடிக்கை.

"பாயும் நானும் ஒரே ஊருங்க சார். மதுரை," என்றான் வேலாயுதம், பெருமையாக.

எட்மண்ட் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுப் பேசினார்.

"யாரு, நூர்தீனா? அவர் மதுராக்காரர் லா. ஜாவாவுக்குப் பக்கத்துல ஒரு தீவு."

"தீவா?"

"வடக்கே ஒரு மதுரா இருக்குல்ல? அந்தப் பேர்தான் தெற்கே வந்து உங்க மதுரை ஆச்சும்பாங்க. அப்புறம் கப்பலேறி அந்தத் தீவுக்கும் போச்சுன்னு சொல்றவங்க உண்டு. தேக்கா கடைத்தெருவுல போய்ப் பாருங்க. மூக்குப்பொடி டப்பாவுல மதுரை, சலூன் பலகையில மதுரை. பேருக்கென்ன, எதுல வேணாலும் ஒட்டிக்கும்."

விசிறி நின்றுவிட்டது.

1951-ல் கப்பலை விட்டு இறங்கியபோது வேலாயுதத்துக்கு நல்ல காய்ச்சல். கையில் விலாசம் கிடையாது. 'சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மதுரைக்காரங்க வீடுன்னு கேளு. வேலை கிடைக்கிற வரைக்கும் ஊர்க்காரனை வெச்சுப் பார்த்துக்குவாங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கேட்டான். ஒரு சீனர், "மதுரா?" என்று ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இருந்தது மதுரா தீவுக்காரர்கள் கூடித் தங்கும் வீடு. வாசலில் நூர்தீன் நின்றிருந்தார்.

"மதுரைங்களா?"

"ஆமா. மதுரா."

வேலாயுதம் அங்கேயே சரிந்து உட்கார்ந்தான்.

காய்ச்சல் விட்ட பிறகும் சந்தேகம் வரவில்லை. நூர்தீன் பேசியது உடைந்த தமிழ். இங்கேயே கிடந்து மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். ஒரு தடவை சோதித்தும் பார்த்தான்.

"நம்ம ஊர்ல மாடு விடுவாங்கள்ல பாய்?"

"ஆமா. பெரிய மாடு. ஓடும். நிறைய ஜனம்."

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இப்போது எட்மண்ட் கை கழுவிப் போகும்வரை காத்திருந்தான்.

"பாய், நான் உங்க ஊர் இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வந்த அன்னைக்கே."

"அப்ப நான் தேடி வந்த வீடு எங்க இருக்கு?"

நூர்தீன் குச்சிகளைத் திருப்பிப் போட்டார்.

"நாரிஸ் ரோடு. பச்சைக் கதவு."

"அதுவும் உங்களுக்குத் தெரியும். ஆனா சொல்லலை."

"அங்க வேணாம். இங்கயே இரு லா."

"ஏன்?"

நூர்தீன் அடுப்பில் கரி அள்ளிப் போட்டார்.

வேலாயுதம் தானே ஒரு பதில் கண்டுபிடித்தான். அடுப்புக்கு விசிற ஆள் வேண்டும். ஊர்க்காரர்களைப் பார்த்தால் ஆள் போய்விடுவான். அதனால்தான் இந்த மனுஷர் இத்தனை மாதம் மதுரைக்காரராக இருந்திருக்கிறார். காய்ச்சலில் அவர் புகட்டிய கஞ்சிகூட நினைத்தபோது கசந்தது.

"ஏமாத்திட்டீங்க பாய்."

நூர்தீன் வெந்த குச்சிகளை எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

மறுநாள் காலை வேலாயுதம் தகரப் பெட்டியோடு கிளம்பினான். நூர்தீன் வாசல்வரை வந்தார்.

நாரிஸ் ரோட்டில் பச்சைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெள்ளை வேட்டியில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சேதுபதி. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்.

"ஐயா, ஊர்லேர்ந்து வர்றேன். மதுரைங்க. தங்க இடம் வேணும்."

"அட, வாங்க. மதுரையில எங்க?"

"வைகைக்கு அந்தப் பக்கம். செல்லூரு."

"தெரியாம என்ன? பாலம் தாண்டினா செல்லூரு. பெட்டியக் கீழ வைங்க தம்பி, ஏன் தூக்கிட்டே நிக்கிறீங்க."

எத்தனையோ மாதம் கழித்து உடையாத தமிழ். வேலாயுதம் பெட்டியைக் கீழே வைத்தான்.

"எந்த மதுரைன்னு கேட்டுக்கத்தான் வேண்டியிருக்கு," என்றார் சேதுபதி. "இங்க மதுரான்னு ஒரு தீவுக் கும்பல் இருக்கு. பேர் ஒண்ணா இருக்கிறதுல பெரிய தொந்தரவு. முன்ன ஒருநாள் அதுல ஒருத்தன், சாத்தே விக்கிறவன், இங்க வந்து நின்னான். உங்க மதுரைக்காரன் ஒருத்தன் எங்க வீட்டு வாசல்ல காய்ச்சலா விழுந்து கிடக்கான், தூக்கிட்டு வரட்டுமான்னான்."

வேலாயுதம் ஓரடி கிட்டே போனான்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"என்ன ஆளுன்னு கேட்டேன். அவன் ரொம்ப யோசிச்சு, ஒல்லியான ஆளுன்னான்." சேதுபதி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஜாதியக் கேட்டா உடம்பச் சொல்றான்."

"அப்புறம்?"

"மறுநாளும் வந்தான். அதுக்கு மறுநாளும் வந்தான். தமிழ் வேற சரியா வரலை, கையக் கையக் கூப்பினான். என்ன ஜாதின்னு தெரியாம எப்படித் தம்பி உள்ள சேர்க்கிறது? இடமில்லைன்னு கதவச் சாத்திட்டேன். அந்த ஆள் பொழைச்சானோ என்னவோ."

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, அதை விடுங்க. நீங்க என்ன ஆளு?"

வேலாயுதம் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"அதே ஆளுதாங்க."