எச்சில் முழுங்காத முகம்

பாலக்கோடு மாதா கோயில் மன்றத்து டிவியில் ஒரு பெண் அழுகிறாள். அது கம்ப்யூட்டர் வரைந்த முகம் என்கிறது பின்னணிக் குரல். சினிமாவில் நடிக்கச் சென்னைக்குக் கிளம்பி, பஸ்ஸுக்காக அங்கே காத்திருக்கும் புஷ்பமேரி பெட்டியைக் கையில் எடுக்கிறாள். வாசலை மறித்து நிற்கிறார் அப்பா சவரிமுத்து. "மிஷினே அழுவுது. இனி உன்னை எவன் கூப்புடுவான்? வூட்டுக்கு நட." டிவியின் நீல வெளிச்சம் அவர் கன்னத்தில் நடுங்குகிறது. அவள் குனிந்து திரையை உற்றுப் பார்க்கிறாள். கண்ணீர் வழிகிறது, தொண்டை அசையவில்லை. "எச்சில் முழுங்கல, பாருங்கப்பா. அழுவுற மனுசி முழுங்காம இருப்பாளா?" "அடுத்த வருஷம் அதையும் முழுங்க வச்சிடுவான்." ரோட்டில் தர்மபுரி பஸ் ஹாரன் அடிக்கிறது. "அதுக்குள்ள நான் நடிச்சிடறேங்க." அவர் வழி விடவில்லை. அவள் ஒருக்களித்து, அவர் சட்டையில் தோள் உரச வெளியேறுகிறாள்.